கீழாநெல்லிக்குள்ளே என்ன இருக்கு?

திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் போற வழியில, மழை ஓய்ஞ்சதும் மல்லாட்டைக் கொல்லை வரப்பைக் குனிஞ்சு பாருங்க. இலைகளுக்கு அடியில வரிசையா குட்டிக் காய் தொங்குற செடி ஒண்ணு இருக்கும். அதான் கீழாநெல்லி. எங்க பக்கம் மஞ்சக்காமாலைன்னா இதை அரைச்சு மோர்ல கலக்கிக் கொடுப்பாங்க.

கெமிஸ்ட்ரி படிச்ச எனக்கு ஒரு கேள்வி: இதுல வேலை செய்யறது எது?

ஒரு செடிக்குள்ள ஏகப்பட்ட வேதிப்பொருட்கள் கலந்து கிடக்கும். பிரிக்கணும்னா நிழல்ல காயவெச்சுப் பொடியாக்கி, ஹெக்சேன், மெத்தனால் மாதிரி கரைப்பான்ல ஊறவைப்போம். வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினா பிசுபிசுன்னு ஒரு சாறு மிஞ்சும். அதை சிலிக்கா ஜெல் நிரப்பின கண்ணாடிக் குழாய் வழியா மெதுவா இறக்குவோம். சிலிக்காவோட ஒட்டாதது முதல்ல வரும், ஒட்டுறது பின்னாடி வரும். தனித்தனி டெஸ்ட் டியூப்ல பிடிச்சு, எதுல எது இருக்குன்னு பார்க்கணும்.

இந்தச் செடியில ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் இருக்குன்னு கிருஷ்ணமூர்த்தியும் சேஷாத்ரியும் 1946-லேயே பிரிச்சுக் காட்டினாங்க. முதலாவது கசக்கும், ரெண்டாவது கசக்காது.

1988-ல சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு 'லான்செட்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்கின புளும்பெர்க்கும் அதுல இணை ஆசிரியர். 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு, ரத்தத்துல அந்த வைரஸோட மேலுறைப் புரதம் காணாமப் போச்சு. வெத்து மருந்து சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி ஆச்சு.

உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனா வேற இடங்கள்ல செஞ்ச சோதனைகள்ல அதே பலன் கிடைக்கலை. கீழாநெல்லி மாதிரியே இருக்கிற செடிகள் சந்தையில கலந்து வரும். மண், பருவம், பறிச்ச பாகம் மாறினா உள்ளே இருக்கிற அளவும் மாறும். அதனாலதான் பொருளைப் பிரிச்சு அளக்குறது முக்கியம். அளவு தெரியாத பொடியை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. ஃபில்லாந்தின்தான் அந்த வைரஸை விரட்டுதுன்னும் இன்னும் நிரூபணம் ஆகலை.

ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரத்துல தானாவே சரியாகிடும். பேரு மூலிகைக்குப் போகும். ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை. கண்ணு மஞ்சளாகாமலே வருஷக்கணக்கா ஈரலை அரிக்கும். மோர் குடிக்கிற பாட்டியை நான் தடுக்க மாட்டேன். ஆனா, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில ரத்தத்தைப் பார்த்துட்டு வந்துடுங்க ஆயான்னு சொல்லுவேன். நீங்களும் தடுப்பூசி போட்டாச்சான்னு வீட்டுல கேளுங்க.