புதுக் கைபேசியா, புதுப்பித்த கைபேசியா?

(நீலாய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கக் கூட்டத்தில் சம்பளம் பேசலாம், வீட்டு வசதி பேசலாம், கைபேசியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக் கூடும். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அண்மையில் ஆபீசுக்கு வந்து முன்பணம் கேட்ட தோழர்களிடம் காரணம் விசாரித்தபோது பலரும் சொன்ன பதில் ஒன்றே: "பிள்ளைக்குப் போன் வாங்கணும் கிராணி." சம்பளத்தைக் கூட்டிக் கேட்பது சங்கத்தின் கடமை என்றால், வந்த சம்பளம் வீணாகாமல் காப்பதும் சங்கத்தின் கடமைதானே?

கைபேசி இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுப் படித்த லயங்களை நாம் கண்டோம். அப்பா காட்டுக்குப் போனால் கைபேசியும் போய்விடும். கைபேசி போனால் பாடமும் போய்விடும். இன்று நம் சம்பளம் வங்கியில் விழுகிறது. சேமநிதிக் கணக்கைக் கைபேசியில்தான் பார்க்கிறோம். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண் பாதுகாப்பானதல்ல, அதைக் கைவிட வேண்டும், ஒரு கணக்குக்கு ஒரு கைபேசி மட்டுமே உறுதி செய்யும் கருவியாக இருக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவித்தது. ஆகவே, தோழர்களே, கைபேசி என்பது நம் சம்பளப் பெட்டியின் சாவி. சாவி துருப்பிடித்ததா, கள்ளச் சாவியா என்று பார்த்துத்தானே வாங்க வேண்டும்?

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு எழுதுவது எங்கள் தொழில்.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகும். சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சில வெள்ளி. கைக்கு வருவது சுமார் 1,500. இதில் அரிசி, பால்மாவு, பள்ளிச் செலவு எல்லாம் அடங்க வேண்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக் கொள்வோம். புதுக் கைபேசி 1,200 வெள்ளி. நான்கு வருடம், அதாவது 48 மாதம் உழைத்தால் மாதத்துக்கு 25 வெள்ளி. அதே கைபேசியை மாதம் 75 வெள்ளி வீதம் 24 மாதத் தவணையில் எடுத்தால் மொத்தம் 1,800. மாதத்துக்கு 37 வெள்ளி 50 காசு. புதுப்பித்த கைபேசி 600 வெள்ளி, இடையில் பேட்டரி மாற்ற 120 வெள்ளி, ஆக 720. இரண்டரை வருடம் உழைத்தால் மாதத்துக்கு 24 வெள்ளி.

பார்த்தீர்களா? ரொக்கத்துக்கு வாங்கிய புதியதற்கும் புதுப்பித்ததற்கும் மாதம் ஒரு வெள்ளிதான் வித்தியாசம். பாதி விலை என்பதால் பாதிச் செலவு என்று எண்ணுவது தவறு. நம்மைக் கடிப்பது தவணை! அந்தக் காலத்தில் தோட்டக் கடைப் பற்று நோட்டு நம் அப்பன் பாட்டன் சம்பளத்தைத் தின்றது. இன்று அதே நோட்டு கண்ணாடிக் கடையில் சிரித்துக் கொண்டு நிற்கிறது. முதலாளி சம்பளத்தில் கண்டபடி பிடித்தம் செய்யாதபடி 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வேலி போட்டிருக்கிறது. நாமே கையெழுத்திட்டுக் கொடுக்கும் தவணைக்கு அந்த வேலி இல்லை.

அப்படியானால் 600 வெள்ளியைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்கிவிடலாமா? பொறுங்கள். அது ஆறே மாதத்தில் செத்துப் போனால் மாதத்துக்கு 100 வெள்ளி ஆகிவிடும். இது எங்களுக்கு நேர்ந்தது. ஆபீஸ் கிராணிகள் நாங்கள் மூவர், பட்டணத்துக் கடை ஒன்றில் ஒரே நாளில் மூன்று கைபேசி வாங்கினோம். "புதுப்பித்தது, புதுசு மாதிரி" என்றார் விற்றவர். நான்காம் மாதம் ஒன்றின் பேட்டரி உப்பி, கண்ணாடி பிளந்து கொண்டது. இன்னொன்று முந்தைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக் கொண்டது. கடைக்குப் போனோம். ரசீதில் "போன் ஒன்று" என்று மட்டும் இருந்தது. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதும் நாங்கள், எங்கள் ரசீதைப் படிக்கவில்லை!

தோழர்களே, பால்மரத்தை அறிந்தவர்கள் நீங்கள். முதல் பட்டையைச் சீவி முடித்த பின் அதே இடத்தில் புதுப்பட்டை வளர்கிறது. அதையும் சீவிப் பால் எடுக்கிறோம். புதுப்பட்டை என்பதால் அது மட்டமா? இல்லை. முன்பு சீவியவர் கத்தியை மரத்தில் படாமல் ஓட்டியிருந்தால் பட்டை சீராக இருக்கும். காயம் படுத்தியிருந்தால் முண்டும் முடிச்சுமாக இருக்கும். கைபேசியும் அப்படித்தான். முன்பு யார் கையில் இருந்தது, எப்படிப் பழுது பார்த்தார்கள் என்பதே கேள்வி. ஒருவர் பாவித்ததை அப்படியே விற்றால் அது பழைய சாமான். பரிசோதித்து, கெட்ட பாகத்தை மாற்றி, பழைய விவரங்களை அழித்து, உத்தரவாதம் கொடுத்தால்தான் புதுப்பித்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லி விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

நீலாய் 3-இல் துணி வாங்கப் போனால் நம் தாய்மார்கள் விரலால் கசக்கிப் பார்க்காமல் காசை அவிழ்ப்பதில்லை. அதே கண்டிப்போடு ஐந்து காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். பெட்டியிலும் ரசீதிலும் அதே எண் இருக்க வேண்டும்.

இரண்டாவது, முந்தைய சொந்தக்காரரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று, கடைக்காரர் கண்ணெதிரே முழுவதும் அழித்துப் புதிதாகத் திறக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பேட்டரி. ஐபோனில் அதன் நலம் விழுக்காட்டில் தெரியும். 80-க்குக் கீழே இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது மாற்றும் செலவை விலையில் குறையுங்கள்.

நான்காவது, ஆயுள். உடல் நன்றாயிருந்தாலும், தயாரித்த கம்பெனி பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டால் அந்தக் கைபேசியில் வங்கிக் காரியம் ஆபத்து. 3ஜி சேவை நம் நாட்டில் 2021 முடிவில் நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் எட்டாத கைபேசிக்கு வேகமான கைபேசி இணையம் கிடைக்காது. ஐபோன் 6-இல் 2025 மே மாதம் முதல் வாட்ஸ்அப் ஓடுவதில்லை. மாறாக, 2024 ஜனவரியில் வந்த சாம்சுங் கேலக்சி எஸ்24 வகைக்கு ஏழு வருடம் புதுப்பிப்பு என்று கம்பெனி வாக்களித்திருக்கிறது. அது 2031 வரை வரும். ஆகவே நல்ல வகையில் புதுப்பித்த ஒன்று, மலிவு வகையில் புதிய ஒன்றைவிட நீண்ட நாள் உழைக்கவும் கூடும். விலையைக் கேட்கும் முன், "எந்த வருடம் வரை?" என்று கேளுங்கள்.

ஐந்தாவது, ரசீது. வகை, எண், "புதுப்பித்தது" என்ற சொல், உத்தரவாத மாதம், கடை முத்திரை, எல்லாம் எழுத்தில் வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் விதியை நொந்து கொண்டிருக்க வேண்டியதில்லை. பழையதைப் புதியது என்றோ புதுப்பித்தது என்றோ பொய் சொல்லி விற்பது 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பாரம் எழுதத் தெரியாதவர்கள் எங்களிடம் வாருங்கள். எங்கள் கைபேசிகளுக்கு நாங்கள் எழுதத் தவறியதை உங்களுக்காக எழுதித் தருகிறோம்.

முடிவாக எங்கள் அபிப்பிராயம் இது. கையில் இருப்பது பேட்டரி மாற்றினால் ஓடுமா என்று முதலில் பாருங்கள். ஓடாவிட்டால், ஐந்து சோதனையிலும் தேறிய புதுப்பித்த கைபேசியைத் தயக்கமின்றி ரொக்கத்துக்கு வாங்குங்கள். சோதிக்க விடாத கடை என்றால், இன்னும் இரண்டு மாதம் சேர்த்து அடக்கமான புதியதை வாங்குங்கள். இரண்டுக்கும் தவணை வேண்டாம். செத்த கைபேசியைக் குப்பைக் குழியில் எரிக்கவும் வேண்டாம். 2022-ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின்சாதனக் குப்பை 620 லட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேர்த்து மறுசுழற்சி செய்தது கால்வாசிக்கும் குறைவு என்றும் ஐக்கிய நாட்டு அறிக்கை சொல்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நம் பிள்ளைகளே.

பிள்ளை படிக்கக் கைபேசி வேண்டும், வாங்கிக் கொடுப்போம். ஆனால் பிள்ளையின் பாடத்துக்காக வாங்கிய கைபேசி, பிள்ளையின் சோற்றில் கை வைக்காதபடி பார்த்துக் கொள்வோம். உழைத்த காசு, கேள்வி கேட்டுத்தான் கையை விட்டுப் போக வேண்டும்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!