ஐபோனும் அன்ட்ரொயிடும்

(வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள், இச்சபையிலுள்ள ஏறக்குறைய எல்லோருடைய சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருப்பது. கைத்தொலைபேசி வாங்கும் பேச்சு எழுந்தால் வாலிபர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றனர். ஐபோனே சிறந்தது என்பர் ஒரு சாரார். அன்ட்ரொயிடே சிறந்தது என்பர் மற்றொரு சாரார். பெரியோரோ இவ்வாதத்தின் பொருள் விளங்காது, விலையை மட்டும் கேட்டுத் திகைத்து நிற்கின்றனர். ஆதலின் இரண்டின் குணங்களையும் குறைகளையும் நடுவுநிலைமையில் நின்று எடுத்துக் கூறுவதும், எவர்க்கு எது பொருந்தும் என்று காட்டுவதும் இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில், இயங்குதளம் என்பது யாது? பாடசாலை நூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை என்று கூறும். கண்ணாடியும் உலோகமும் பற்றறியும் சேர்ந்தது கருவியின் உடல். அவ்வுடலை நடத்துவது இயங்குதளம். விரல் பட்ட இடத்தை அறிவது, படத்தைச் சேமிப்பது, எந்தச் செயலி எதனைப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுப்பது யாவும் அதன் கடமைகளே. வீட்டின் எல்லா அறைகளுக்கும் உரிய திறப்புக் கொத்து அதன் கையிலேயே இருக்கின்றது. ஆதலின், அதனை ஆளுபவர் யார் என்று கேட்பது நம் கடமையாகும்.

இவ்விரண்டின் பிறப்பையும் சுருக்கமாக நோக்குவோம். 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி அப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை அறிமுகஞ் செய்தார். அதே ஆண்டு ஜூன் 29ஆம் திகதி அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தது. அன்று அதில் செயலிக் கடை இருக்கவில்லை. அது 2008 ஜூலையிலேயே திறக்கப்பட்டது. ஓரிடத்து எழுத்தைப் பிரதி செய்து இன்னோரிடத்தில் ஒட்டும் எளிய வசதிகூட 2009ஆம் ஆண்டிலேயே அதற்குக் கிடைத்தது. இன்று ஐஓஎஸ் என்னும் பெயர் 2010ஆம் ஆண்டில் இடப்பட்டதாகும்.

அன்ட்ரொயிட், அன்டி ரூபின் முதலானோர் 2003ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கிய ஒரு சிறு நிறுவனத்தின் படைப்பு. தொடக்கத்தில் அது புகைப்படக் கருவிகளுக்கென்றே எண்ணப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. 2005ஆம் ஆண்டில் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கிற்று. 2007 நவம்பரில் 34 நிறுவனங்கள் ஒன்றுகூடி அன்ட்ரொயிடைப் பொதுவில் வளர்க்க முன்வந்தன. 2008ஆம் ஆண்டில் முதல் அன்ட்ரொயிட் தொலைபேசி சந்தைக்கு வந்தது. லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின் கருவே அதன் அடித்தளம்.

அக்காலத்தில் வேறு பல போட்டியாளரும் இருந்தனர். நொக்கியாவின் சிம்பியன், பிளக்பெரி, மைக்ரோசொப்டின் விண்டோஸ் தொலைபேசி என்பன அவற்றுட் சில. விண்டோஸ் தொலைபேசி அழகிலும் வேகத்திலும் குறைந்ததன்று. ஆயினும் மக்கள் விரும்பிய செயலிகள் அதற்கு வரவில்லை. செயலிகள் வராமையால் மக்களும் வரவில்லை. கருவி நன்றாயிருப்பது மட்டும் போதாது என்பது இதனாற் புலனாகின்றது.

இனி ஒப்புநோக்குக்கு வருவோம். ஐபோன் ஒரே குடும்பத்தின் வீடு. கருவியைச் செய்வதும், இயங்குதளத்தை எழுதுவதும், செயலிக் கடையை நடத்துவதும் அப்பிள் ஒன்றே. அன்ட்ரொயிட் பல குடிகள் வாழும் தெரு. மூலத்தை எழுதுவது கூகுள். கருவியைச் செய்வது சம்சுங், சியோமி முதலிய பலர். இவ்வொரு வேற்றுமையிலிருந்தே இரண்டின் குணங்களும் குறைகளும் முளைக்கின்றன என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

விலையும் சுதந்திரமும் அன்ட்ரொயிடின் பெருஞ் சிறப்புகள். உலகிலுள்ள கைத்தொலைபேசிகளுள் ஏறக்குறையப் பத்தில் ஏழு அன்ட்ரொயிடில் இயங்குவதற்குக் காரணம், கூலித் தொழிலாளி முதல் செல்வர் வரை எவர்க்கும் ஏற்ற விலையில் அது கிடைப்பதே. சில கருவிகளில் மேலதிக நினைவக அட்டையும் இடலாம். முகப்பையும் விசைப்பலகையையும் விருப்பப்படி மாற்றலாம். ஐபோனிலோ முகப்பில் சிறு தகவற் பலகைகளை வைப்பதற்கும், தாம் விரும்பிய உலாவியை முதன்மையாக்குவதற்கும் 2020ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அன்ட்ரொயிடின் குறையோ அதே சுதந்திரத்தின் மறுபக்கமாகும். மலிவான கருவிகள் பலவற்றில் நாம் கேளாத செயலிகள் வாங்கும்போதே நிறைந்து கிடக்கும். அவற்றுட் சிலவற்றை நீக்கவும் முடியாது. கடைக்கு வெளியிலிருந்தும் செயலிகளை நிறுவ அது இடங்கொடுக்கும். கற்றவனுக்கு இது நன்மை. ஆனால் வங்கியின் பெயரிலோ, பரிசின் பெயரிலோ வட்ஸ்அப்பில் வரும் கோப்பை நம்பித் தொடுகின்ற முதியவருக்கு இதுவே வாசலாகிவிடுகின்றது. ஐபோனில் இவ்வாசல் பெரும்பாலும் அடைக்கப்பட்டுள்ளது. ஆயினும் பொய்யான இணைப்பை அனுப்பியும், தொலைபேசியிற் பேசி மயக்கி இரகசிய எண்ணைக் கேட்டும் ஏமாற்றுவோர்க்கு இரு கருவிகளும் ஒன்றே.

பாதுகாப்புக்கு உயிர்நாடி இற்றைப்படுத்தலாகும். மென்பொருளில் ஓட்டை காணப்பட்டால் அதனை அடைத்து அனுப்பும் வேலையே அது. அப்பிள் அனுப்பினால் உலகெங்குமுள்ள ஐபோன்களுக்கு நேரே வந்து சேரும். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 5எஸ் கருவிக்கு 2023ஆம் ஆண்டிலும் ஒரு பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைத்தது. அன்ட்ரொயிடில் கூகுள் அனுப்புவது கருவி செய்தவரின் கையைக் கடந்தே நம்மிடம் வருதல் வேண்டும். வழியில் தாமதிப்பதும் உண்டு. மலிவான கருவிகளுக்கு ஓரிரு ஆண்டுகளில் நின்றுபோவதும் உண்டு. இந்நிலை இப்பொழுது திருந்தி வருகின்றது. 2023ஆம் ஆண்டில் பிக்சல் 8 கருவிக்குக் கூகுளும், 2024ஆம் ஆண்டில் கலக்சி எஸ்24 கருவிக்குச் சம்சுங்கும் ஏழு ஆண்டுகள் இற்றைப்படுத்துவதாக உறுதி கூறின. ஆயின் அவ்வுறுதி விலையுயர்ந்த கருவிகளுக்கே முதலிற் கிடைத்தது என்பதை மறத்தலாகாது.

ஒரே தலைவனுக்குக் கட்டுப்பட்டவர் அத்தலைவனின் விருப்பு வெறுப்புகளையும் பொறுத்தல் வேண்டும். பற்றறி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை இற்றைப்படுத்தல் மூலம் குறைத்ததாக 2017 டிசெம்பரில் அப்பிள் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென நின்றுபோகாதிருக்கவே அவ்வாறு செய்ததாக அது விளக்கிற்று. உரியவர்களுக்கு அறிவிக்காமற் செய்தமையே மக்களின் கோபத்துக்குக் காரணம். பின்னர் மன்னிப்புக் கோரி, பற்றறி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. மின்னேற்றும் வயரும் அவ்வாறே. 2012ஆம் ஆண்டு முதல் தனக்கென ஒரு தனி வயரை வைத்திருந்த ஐபோன், ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் நெருங்கிய பின்னரே, 2023ஆம் ஆண்டில் எல்லோர்க்கும் பொதுவான வயருக்கு மாறிற்று.

கூகுளும் குற்றமற்றதன்று. அதன் வருமானத்தின் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. ஆதலின் நம் விருப்பங்களை அறிவது அதற்கு இலாபம். அன்ட்ரொயிட் மூலம் தன் தேடுபொறிக்கு முறைகேடாக இடந்தேடியது என்று கூறி, 2018ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணைக்குழு அதற்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. செயலிகள் நம்மைப் பின்தொடர அனுமதி கேட்டே ஆகவேண்டும் என்னும் விதியை 2021ஆம் ஆண்டில் அப்பிள் கொண்டுவந்தது. இவ்விடயத்தில் அது ஓரடி முன்னிற்கின்றது எனலாம்.

நம் தாய்மொழியை எழுதும் வசதி எவ்வாறு? தொடக்க கால அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவும் குலைந்த உருவங்களாகவும் தெரிந்தன. ஐபோன் தமிழைச் செவ்வையாகக் காட்டியபோதும், அதனுடனேயே தமிழ் விசைப்பலகை 2013ஆம் ஆண்டிலேயே வந்தது. பிறர் செய்த விசைப்பலகைகளை அன்ட்ரொயிட் 2009ஆம் ஆண்டிலேயே அனுமதித்தது; ஐபோன் 2014ஆம் ஆண்டில் அனுமதித்தது. 2017ஆம் ஆண்டில் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. கண்பார்வை குன்றிய பெரியோர் தமிழிற் பேசியே கடிதம் எழுத இது வழிசெய்தது. இன்று இரண்டிலும் தமிழ் நன்றாகவே இயங்குகின்றது. இக்காரணத்தால் ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை.

அன்பர்களே! இவ்வளவும் கருவியைப் பற்றியது. இனிக் கூறப்போவது நம்மைப் பற்றியது. இதனையே சிறப்பாக மனத்திற் கொள்ளும்படி வேண்டுகின்றோம்.

நம் வீடுகளில் புதிய தொலைபேசி வாலிபருக்கும், அவர் கழித்த பழையது தாய் தந்தையருக்கும் செல்வது வழக்கமாயிற்று. பழையது பெரும்பாலும் எப்பொழுது கழிக்கப்படுகின்றது? இற்றைப்படுத்தல் நிற்கும் தறுவாயில். ஏமாற்றுவோர் முதலில் தேடுவது யாரை? முதியவர்களை. எனவே அதிக காவல் வேண்டியவரின் கையில் காவலற்ற கருவியைக் கொடுத்துவிடுகின்றோம். ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கும் அதிலேதான் இருக்கின்றது. இது அன்பினால் நேர்வதே. ஆயினும் அறிவோடு கூடாத அன்பு தீங்காய் முடியும்.

இன்னொன்று. தாயின் தொலைபேசிக்குரிய கணக்கை மகன் தன் மின்னஞ்சலிலே திறந்து கொடுத்து வெளிநாடு சென்றுவிடுகின்றான். சில ஆண்டுகளில் கடவுச்சொல் மறந்துபோகின்றது; பழைய தொலைபேசி எண்ணும் கைமாறிவிடுகின்றது. 2013ஆம் ஆண்டு முதல் ஐபோனிலும், 2015ஆம் ஆண்டு முதல் அன்ட்ரொயிடிலும் கள்வருக்கு அஞ்சி ஒரு பூட்டு அமைக்கப்பட்டுள்ளது. உரிய கணக்கும் கடவுச்சொல்லும் இன்றேல், துடைத்தெடுத்த கருவியும் திறவாது. கள்வருக்கென்று செய்த பூட்டு தாயையே வெளியில் நிறுத்திவிடும். அதனுள்ளே இறந்த தந்தையாரின் படங்களும் குரலும் இருந்தால், அவ்விழப்புக்கு விலை கூற முடியுமா?

ஆதலின் மூன்று காரியங்களைச் செய்வோமாக. முதலாவது, வாங்குமுன் இக்கருவிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இற்றைப்படுத்தல் உண்டு என்று கேட்போம். பழையதை வாங்கினால் முன்னைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று கடையிலேயே பார்ப்போம். இரண்டாவது, பெரியோரின் கணக்கை அவர்தம் பெயரிலேயே திறந்து, கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வைப்போம். மூன்றாவது, படங்களை ஓரிடத்திலேயே நம்பி விடாது வேறோரிடத்திலும் பிரதி செய்வோம். இலவசமாக அப்பிள் தருவது 5 ஜிகாபைற், கூகுள் தருவது 15 ஜிகாபைற். இரண்டும் விரைவில் நிரம்பக்கூடியவை.

எதனை வாங்குவது என்று இறுதியாகக் கேட்பீர்கள். கருவியைத் தாமே ஆராய்ந்து, இன்னது ஆபத்து என்று அறிந்து நடக்கவல்ல வாலிபருக்கு, நடுத்தர விலையில், நீண்ட இற்றைப்படுத்தல் உறுதியுள்ள அன்ட்ரொயிட் போதுமானது. அருகில் உதவுவார் இல்லாத முதியவருக்கு, பணவசதி இருப்பின், ஐபோன் நிம்மதி தரும். ஆனால் அயலிலுள்ள பேரப்பிள்ளை அறிந்தது அன்ட்ரொயிடானால் அதுவே அவருக்குச் சிறந்தது. உதவும் கை எந்தக் கருவியை அறிந்ததோ, அக்கருவியே முதியவருக்கு நல்லது. தோழன் வைத்திருக்கின்றான் என்பதற்காகத் தவணைக் கடனில் ஐபோன் கேட்டு வீட்டாரை வருத்தும் வாலிபருக்கு நாம் கூறுவது ஒன்றே: விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்.

அடுத்த விடுமுறை நாளில் நம் அங்கத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு முதியவரின் தொலைபேசியை எடுத்து, அதன் இற்றைப்படுத்தலையும் கணக்கையும் கடவுச்சொல்லையும் அவரோடு கூட இருந்து ஒருமுறை பார்ப்பாராயின், இப்பேச்சு பயன் பெற்றதாகும்.