தொடுவதே ஆட்டம்
(வட்டார இளைஞர் சடுகுடுப் போட்டிக்கான தொண்டர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இப்போட்டியை அரசும் நடத்தவில்லை, செல்வரும் நடத்தவில்லை. நீங்களே நடத்துகின்றீர்கள். ஆதலின் களத்தின் ஒழுங்கும் உங்கள் பொறுப்பே.

அணிக்கு எழுவர், பாடிச் செல்வோனுக்கு 30 நொடி. இக்கணக்கு யாவர்க்கும் ஒன்றே. எதிராளியைத் தொடாமல் சடுகுடு ஆடவியலுமா? தொடுவதே ஆட்டம், பிடிப்பதே ஆற்றல். தீண்டாமைக்கு இதனினும் நல்ல மறுப்பு வேறென்ன?

ஆனால், தெருவுக்கோர் அணி சேர்த்தால் அது சாதிக்கோர் அணியாய் முடியும். களத்திலே கட்டிப்பிடித்தவன் தண்ணீர்ப் பானையருகே விலகி நிற்பான். எனவே ஊருக்கு ஓரணியே அமையுங்கள். தண்ணீர்ப் பானை ஒன்று. உண்ணும் பந்தியும் ஒன்று. இதற்கு உடன்படாதார் எத்துணைப் பொருள் தரினும் ஏலாதீர்!

இன்னொன்று. 1990-இல் பெய்சிங்கில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலேயே இவ்வாட்டம் இடம்பெற்றுவிட்டது. அயலாரும் ஏற்ற ஆட்டத்தை நம் மொழியில் நடத்த நாமேன் நாணவேண்டும்? 'அம்பயர்' வேண்டா, நடுவர் என்க. 'பாயிண்டு' வேண்டா, புள்ளி என்க. ஒலிபெருக்கியில் ஒருநாள் முழுதும் கேட்கும் சொல் இளைஞர் நாவில் நிலைக்கும்.

மேடையில் உங்கள் பெயர் முழங்காமற் போகலாம். சாதி மறந்து, தமிழராய் வீடு திரும்பும் இளைஞரே உங்கள் தொண்டின் பயன். எழுமின்! களம் அமைமின்!

வெல்க தமிழ்!