அரசியல் சட்டத்தில் கிணறு ஏன் வந்தது?



நமது அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்தை எடுத்துப் பாருங்கள். மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் ஆகிய காரணங்களால் சர்க்கார் எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது அதன் முதல் பிரிவு. இதுபோன்ற வாசகம் பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. ஆனால் இரண்டாவது பிரிவு என்ன சொல்கிறது? கடை, ஹோட்டல், கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்த எவருக்கும் தடை இருக்கலாகாது என்கிறது. ஒரு பெரிய தேசத்தின் அடிப்படைச் சட்டத்தில் கிணற்றுக்கும் படித்துறைக்கும் என்ன வேலை?

பதில் சரித்திரத்தில் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டு பம்பாய் சட்டசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பொதுப் பணத்தில் நடக்கும் குளம், கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தீண்டத்தகாதார் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பதே அத்தீர்மானம். மகாட் என்ற ஊரின் நகரசபையும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தது, கரையில் திறக்கவில்லை. ஆடுமாடுகள் அங்கே தண்ணீர் குடித்தன. தாழ்த்தப்பட்ட மனிதன் மட்டும் குனிந்து ஒரு கை நீர் அள்ள முடியவில்லை.

1927 மார்ச் 20-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு சென்று அந்தக் குளத்து நீரைக் குடித்தார்கள். அதற்குப் பரிசு என்ன? தடியடி! குளம் தீட்டுப்பட்டுவிட்டதென்று சாணமும் கோமியமும் கலந்த பஞ்சகவ்யத்தை ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். நகரசபை தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. 1937-ல்தான் பம்பாய் ஹைகோர்ட்டில் மக்களுக்கு வெற்றி கிடைத்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருஷம்!

சாலை என்ற சொல்லுக்கும் இப்படியொரு கதை உண்டு. 1924-ல் வைக்கத்தில் நடந்த சத்தியாக்கிரகம் கோயிலுக்குள் போவதற்காக நடந்ததல்ல. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக நடந்தது. நமது சென்னை மாகாணத்தில், தாழ்த்தப்பட்டோர் மீதிருந்த சிவில் தடைகளை நீக்கும் சட்டம் 1938-ல் வந்தது. இவ்வளவுக்கும் பிறகுதான், 1948 நவம்பர் 29-ஆம் தேதி, அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கும் ஷரத்தை ஏற்றது. அதுதான் இன்றைய 17-வது ஷரத்து.

இங்கே ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். அடிப்படை உரிமை என்றால் சர்க்காரின் கையைக் கட்டுவது என்றே சாதாரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் சேரிக்காரன் கிணற்றுக்குப் போனபோது மறித்து நின்றது சர்க்கார் மட்டும்தானா? பண்ணையார் நின்றார், கடைக்காரர் நின்றார், ஊரே நின்றது. ஆகவேதான் 15-வது ஷரத்தின் இரண்டாவது பிரிவும், தீண்டாமையை ஒழிக்கும் 17-வது ஷரத்தும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-வது ஷரத்தும் தனிமனிதர்களையும் கட்டுப்படுத்துகின்றன. அடி எங்கிருந்து விழுந்ததோ அந்தத் திசையைப் பார்த்தே சட்டம் எழுதப்பட்டது.

"ஜாதியெல்லாம் பழங்கதை; அதை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். நாம் அவர்களைக் கேட்கிறோம்: மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களின் பாதையை மறித்து நின்ற சுவர் பழங்கதையா? 1989 கலவரத்துக்குப் பின் எழுந்த அந்தச் சுவரின் ஒரு பகுதி, பல போராட்டங்களுக்குப் பிறகு, 2008 மே மாதத்தில்தான் உடைக்கப்பட்டது. சாலை எல்லோருக்கும் பொது என்று அரசியல் சட்டம் சொல்லி அப்போது 58 வருஷம் ஆகியிருந்தது.

பாதாளச் சாக்கடையைப் பாருங்கள். மனிதக் கழிவை மனிதன் அள்ளும் கொடுமைக்கு எதிராக 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது; 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நஷ்டஈடு உயர்ந்தது. ஆனால் விஷவாயுச் சாவு நிற்கவில்லை. பிறப்பைக் கொண்டு வேலையைப் பங்கிட்ட பழைய ஏற்பாடு, இன்று கான்டிராக்டரின் கூலிப் பட்டியலுக்குள் புகுந்துகொண்டிருக்கிறது.

சரித்திரத்தை மறந்தவனுக்கு இந்த உரிமைகள் சலுகையாகத் தோன்றும். மகாட்டில் அடிபட்டவர்களை அறிந்தவனுக்கு அவை கடன் பத்திரம். எழுதிக் கொடுத்த கடனை வசூலிக்கத்தான் வேண்டும். எப்படி வசூலிப்பது? தனி ஆள் குளத்தங்கரைக்குப் போனால் விரட்டுவார்கள். மகாட்டில் போனது போல் கூட்டமாகப் போக வேண்டும். கோர்ட்டுக்கும் போக வேண்டும். இரண்டையும் கைவிடக் கூடாது.

ஆகவே தோழர்களே, இங்கிருந்து ஊர் திரும்பியதும் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நம் ஊர்த் தண்ணீர்க் குழாய் யார் தெருவோடு நிற்கிறது? டீக்கடையில் எத்தனை விதத் தம்ளர்? பிணம் கொண்டுபோகப் பாதை இருக்கிறதா? சாக்கடையில் இறங்குகிறவர் யார்? இறக்குகிறவர் யார்? பார்த்து எழுதுங்கள். எழுதியதில் ஊர் மக்கள் எல்லா ஜாதியினரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குச் சேர்ந்து போவோம். 15-வது ஷரத்து அன்று நம் ஊருக்கு வந்து சேரும்.