தேர்தலும் விசாரணையும்

தேர்தல் நெருங்கும் வேளையில் நாட்டின் தலைவர்மீது பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவருதல் முறையாகுமா? 'மக்களே தீர்ப்பளிக்கட்டும்' என்பர் சிலர். நம் நாட்டிலோ குடியரசுத் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. அரசியல் சட்டத்தின் 61ஆம் பிரிவு, அவரை நீக்க 14 நாள் முன்னறிவிப்பும், இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவும் வேண்டுமென விதிக்கிறது. தேர்தலைக் காரணமாக்கி ஒத்திவைக்க அதில் இடமில்லை.

அப்பிரிவு இதுவரை பயன்பட்டதில்லை. ஆயினும் இவ்வினா ஒரு நீதிபதியின் வழக்கில் எழுந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வி. இராமசாமியை நீக்கக் கோரி 108 உறுப்பினர் அளித்த தீர்மானத்தை, 1991 மார்ச் 12 அன்று மக்களவைத் தலைவர் ரபி ராய் ஏற்றார். மறுநாளே மக்களவை கலைக்கப்பட்டது; தேர்தல் வந்தது. தீர்மானமும் மடிந்ததா? மடியவில்லை என அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரணைக் குழு பல குற்றச்சாட்டுகளை மெய்யெனக் கண்டது. எனினும் 1993 மே மாதம் 196 பேர் ஆதரித்தும், 205 பேர் வாக்களியாமையால் தீர்மானம் தோற்றது. தோல்விக்குப் பொறுப்பு உறுப்பினருடையது, தேர்தலுடையதன்று.

இனி யார் ஆளலாம் என்பது தேர்தல் கேட்கும் வினா. செய்தது குற்றமா என்பது விசாரணை கேட்கும் வினா. ஒன்றன் விடை மற்றதற்கு ஆகாது. தேர்தலை எண்ணி விசாரணையை அவசரப்படுத்தலும் தவறே, நிறுத்தலும் தவறே. நம் நாட்டில் தேர்தல் ஓய்ந்த காலம் ஏது? அலை ஓய்ந்தபின் கடலாடக் காத்திருப்பவன் கரையிலேயே நிற்பான் என்பதைப் பரங்கிப்பேட்டைச் சிறுவரும் அறிவர்.