மூப்பைப் படிக்க ஆள் வேண்டும்

(கொல்லிமலையில் நடந்த பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைசுற்றல் இன்னும் சிலருக்குத் தீரவில்லை என்று தெரிகிறது. சுருக்கமாகவே பேசுகிறேன். "உன் மெஷினைப் பற்றிப் பேசி எல்லாரையும் தூங்க வெச்சுடாதே" என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். எனவே இந்த மலைக்குப் பொருத்தமான தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

கொல்லிமலை என்றால் நமக்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான், அறப்பளீஸ்வரர் வருவார், ஆகாய கங்கை வரும். அடுத்தது மூலிகை. இங்கே குகைகளில் சித்தர்கள் காயகற்பம் செய்தார்கள், கருநெல்லி கிடைத்தால் நரை திரை அண்டாது என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறோம். மூப்பு ஏன் வருகிறது, அதைத் தள்ளிப்போட முடியுமா என்பது மனிதன் வெகுகாலமாகக் கேட்டுவரும் கேள்வி. இன்று அது பல்கலைக்கழகங்களில் முறையாகப் படிக்கிற பாடம். அந்தப் பாடத்துக்கு மாணவர்களைத் தயார் செய்வது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

"இன்ஜினியருக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நான் பெங்களூருவில் ஆய்வுக்கூடங்களுக்கான இன்குபேட்டர் செய்கிற வேலையில் இருக்கிறேன். அதை வாங்குகிறவர் பேராசிரியர். ஆனால் ராத்திரி பகலாக அதோடு மல்லுக்கட்டுகிறவர் பிஎச்.டி. மாணவர். மூப்பு ஆராய்ச்சியில் அதிகம் பயன்படும் ஒரு உயிர், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சின்னப் புழு. அதன் ஆயுள் இரண்டு மூன்று வாரம். மாணவி தினமும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, பிளாட்டினக் கம்பியால் ஒவ்வொரு புழுவையும் மெல்லத் தொட்டுப் பார்ப்பார். அசைந்தால் உயிரோடு இருக்கிறது, அசையாவிட்டால் கணக்கில் கழிக்க வேண்டும். இன்குபேட்டரில் சூடு கூடினால் புழுவின் ஆயுள் குறைந்துவிடும். அப்புறம், சாவுக்குக் காரணம் மரபணுவா, என் தெர்மோஸ்டாட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. சம்பந்தம் இருக்கிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்!

இந்தப் படிப்பின் முதல் சிக்கல் காலம். ஆய்வுக்கூட எலி இரண்டு மூன்று ஆண்டுகள் வாழும். பிஎச்.டி.க்கு ஐந்தாறு ஆண்டுகள். எலி கிழடாகும்வரை காத்திருந்து, அதில் ஒரு தவறு நேர்ந்து மறுபடி தொடங்கினால் மாணவரின் இளமை அதிலேயே போய்விடும். எனவே எந்தக் கேள்விக்குப் புழு போதும், எதற்கு ஈ, எதற்கு எலி, எதற்கு மனிதரையே பார்த்தாக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கக் கற்றுத்தருவதுதான் முதல் பயிற்சி. மனிதரைப் பார்ப்பதும் நடக்கிறது. ஐ.ஐ.எஸ்சி. வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 45 வயதுக்கு மேற்பட்ட கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது.

நம் நாட்டில் இது நேற்று முளைத்த துறை அல்ல. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.எஸ். கனுங்கோ, வயது ஏற ஏற மரபணுக்களின் செயல்பாடு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து, ஒரு மாணவர் பரம்பரையையே உருவாக்கினார். 1980-லும் 1994-லும் அவர் எழுதிய நூல்கள் வெளிநாட்டிலும் படிக்கப்பட்டன. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-ல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. பட்டம் வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: முதுமையில் வரும் நோய்க்கு மருந்து கொடுப்பது ஒரு படிப்பு, உடல் ஏன் முதுமை அடைகிறது என்று கேட்பது இன்னொரு படிப்பு. முதலாவதற்கு நம்மிடம் வழி பிறந்துவிட்டது. இரண்டாவதற்குத்தான் ஆள் பஞ்சம்.

மாணவர்களால் என்ன முடியும் என்பதற்கு ஒரு உதாரணம். கேரல் கிரெய்டர் 1984-ல் கலிஃபோர்னியாவில் எலிசபெத் பிளாக்பர்னிடம் மாணவியாகச் சேர்ந்தார். குரோமோசோமின் நுனியை நீட்டிக்கொடுக்கும் என்சைம் ஒன்று இருக்கிறதா என்பது கேள்வி. குளத்து நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரில் தேடினார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஃபிலிமை எடுத்துப் பார்த்தவருக்கு விடை தெரிந்தது. வயது 23! செல்லின் மூப்பைப் புரிந்துகொள்ள அது பெரிய திறவுகோல். 2009-ல் நோபல் பரிசு. அதே 2009-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அவர் இயற்பியலில் பிஎச்.டி. முடித்த பிறகு, உயிரியல் கற்க மறுபடியும் மாணவராக உட்கார்ந்தவர். மூப்பும் மரணமும் பற்றி 2024-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். "நான் மெக்கானிக்கல், நான் இ.சி.இ., எனக்கெதுக்கு பயாலஜி" என்று சொல்லும் தம்பிகள் இதை யோசிக்க வேண்டும்.

ஏன் இப்போது அவசரம்? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயது கடந்தவர்கள். 2031-ல் அது 18-ஐ எட்டும் என்று கணித்திருக்கிறார்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். புள்ளிவிவரம் இருக்கட்டும். இந்தக் கூட்டத்தில் பெங்களூரு, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போனவர்கள் எத்தனை பேர்! அத்தனை பேரின் அப்பா அம்மாவும் ஊரில் மாத்திரை டப்பாவோடு தனியாக இருக்கிறார்கள். வெறுமனே ஆயுளை நீட்டுவதில் என்ன இருக்கிறது? கடைசிப் பத்து வருடம் தானாக எழுந்து நடந்து, ஆளை அடையாளம் கண்டு பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். ஆராய்ச்சி தேடுவது அதைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இளமை திரும்பும் என்று சொல்லி விற்கும் லேகியமும் ஏராளம், இறக்குமதி மாத்திரையும் ஏராளம். இரண்டையும் ஒரே கேள்விகளால்தான் சோதிக்க வேண்டும். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டீர்களா? எத்தனை நாள் பார்த்தீர்கள்? இந்தக் கேள்விகளை வாய்ப்பாடு மாதிரி கேட்கப் பழக்கப்பட்ட மாணவர் ஊருக்கு ஒருவர் இருந்தால்கூட நம் பெரியவர்களின் பென்ஷன் பணம் தப்பிக்கும். இந்த மலையின் மூலிகையில் சத்து இருந்தால், அதையும் நிரூபித்துக் காட்டப்போவது அந்த மாணவர்தான்.

பணக் கஷ்டத்தை மறைக்க வேண்டாம். 2023-ல் உயர்த்திய பிறகு ஜூனியர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். கூடப் படித்தவன் வீட்டுக்கு முன்பணம் கட்டும்போது, இவன் புழு எண்ணிக்கொண்டிருப்பான். "எப்போடா செட்டில் ஆகப்போறே?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்த இடத்தில்தான் பல நல்ல பிள்ளைகள் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். தம்பி தங்கைகளே, 'கேட்' மதிப்பெண்ணோடு நேரடியாகப் பிஎச்.டி. சேர வழி இருக்கிறது. அதற்கு முன், நம் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பித்து, இரண்டு மாதம் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் இரண்டு மாதம்தான் செலவு. அண்ணன்களே, அக்காக்களே, ஆண்டுக்கு இரண்டு மாணவர்களுக்குக் கோடையில் பயணச் செலவும் தங்கும் செலவும் நம் சங்கம் ஏற்கட்டும். என் பங்காக முதல் மாணவரின் செலவை நான் ஏற்கிறேன். வீட்டில் பேசிப் புரியவைக்க வேண்டுமென்றால் அதற்கும் வருகிறேன்.