விளையாட்டுக்குள் விளம்பரம்: நான் போட்ட ஒரு தப்புக் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வீடியோ கேமில் விளம்பரம் எவ்வளவு வளரும் என்று நீங்கள் கணித்துச் சொல்ல வேண்டும்" என்று செயலாளர் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம், அந்த வேலையை நான் ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறேன். 2007-ல். அதன் கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

எனக்கு ஊர் திருவாலங்காடு என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். கல்லூரிக்கு தினமும் ரயிலில்தான் வருவேன். தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுச் சுவர்களில் எல்லாம் சிமெண்ட் விளம்பரம், சோப்பு விளம்பரம், பல்பொடி விளம்பரம். சுவருக்குச் சொந்தக்காரருக்கு இலவசமாக வெள்ளையடித்துத் தருவார்கள், அவ்வளவுதான் வாடகை. விளம்பரத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்தது அந்த ஜன்னல் ஓரத்தில்தான். ரயில் போகிற வேகத்தில் ஒருவன் கண்ணில் எத்தனை எழுத்து விழும் என்று எண்ணிக்கொண்டு வருவேன்.

விளையாட்டுக்குள் விளம்பரம் என்பதும் அடிப்படையில் அந்தச் சுவர்தான். கார்ப் பந்தய விளையாட்டில் சாலையோரம் ஒரு பலகை, கால்பந்து விளையாட்டில் மைதானத்தைச் சுற்றி ஒரு பலகை. முதலில் இவை சி.டி.யிலேயே அச்சாகி வந்தன, மாற்ற முடியாது. பிறகு இன்டர்நெட் வழியாகப் பலகையை அடிக்கடி மாற்றும் வித்தை வந்தது. நியூயார்க்கில் மாஸிவ் என்ற நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்தது. 2006 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிவிட்டது. அதே வருடம் யாங்கி குரூப் என்ற ஆராய்ச்சி நிறுவனம், 2010-க்குள் இந்தத் தொழில் 73 கோடி டாலரைத் தொடும் என்று கணித்தது. 2008 அக்டோபரில் ஒபாமாவின் தேர்தல் விளம்பரமே ஒரு கார்ப் பந்தய விளையாட்டின் பலகையில் வந்தது. உலகம் முழுக்க ஒரே உற்சாகம்.

நான் அப்போது சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. "இந்தியாவில் இது அஞ்சு வருஷத்தில் எவ்வளவு ஆகும், ஒரு ரிப்போர்ட் கொடு" என்றார்கள். கொடுத்தேன். அருமையான கோடு, இடது கீழ் மூலையில் கிளம்பி வலது மேல் மூலைக்குப் போகும். அந்தக் கோட்டை நம்பி ஒரு தனிப் பிரிவே தொடங்கினார்கள். 11 பிள்ளைகளை வேலைக்கு எடுத்தார்கள், அதில் இரண்டு பேர் நம் கல்லூரி, என் சிபாரிசு. ஒன்றரை வருடத்தில் பிரிவை மூடினார்கள். அந்த இருவரில் ஒருவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் நல்லவர்.

எங்கே தப்பினேன்? கணக்கு ரொம்ப எளிது. எத்தனை பேர் விளையாடுகிறார்கள், ஒரு ஆளுக்கு எத்தனை விளம்பரம், ஆயிரம் பார்வைக்கு என்ன விலை. மூன்றையும் பெருக்கினால் விடை. உதாரணத்துக்கு ஒரு லட்சம் பேர், ஆளுக்கு ஐந்து விளம்பரம், ஆயிரத்துக்கு 20 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய். நான் ஆட்களின் எண்ணிக்கையை இங்கிருந்து எடுத்தேன், விலையை அமெரிக்காவிலிருந்து எடுத்தேன். இது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். பலகை மாற வேண்டுமானால் விளையாடுகிற கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பு வேண்டும். நம் பிள்ளைகள் அன்றைக்கு எப்படி விளையாடினார்கள்? பிரவுசிங் சென்டரில் நாலு கம்ப்யூட்டரை ஒயர் போட்டு இணைத்து, பர்மா பஜாரில் வாங்கிய திருட்டு சி.டி.யில் விளையாடினார்கள்! அதில் எந்தப் பலகை மாறும்? அந்த சென்டர்களுக்குள் நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து கோடு போட்டேன்.

எங்கள் ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. எங்கப்பா அதற்குக் கரும்பு பதிவு செய்வார். ஆலையிலிருந்து கரும்பு உதவியாளர் ஒருவர் சைக்கிளில் வருவார். வரப்பில் நின்று மதிப்புப் போட மாட்டார். சோகை அறுக்கும், சட்டை கிழியும், ஆனாலும் உள்ளே நுழைந்து ஒரு அளவான இடத்தில் எத்தனை கரும்பு என்று எண்ணுவார், இரண்டு மூன்றை வெட்டி எடை பார்ப்பார், பிறகுதான் நோட்டில் எழுதுவார். நடவுக் கரும்பு ஏக்கருக்கு 40 டன் வந்தது, மறுதாம்பும் அப்படியே வரும் என்று அப்பா சொன்னால், "அதெப்படிங்க வரும்?" என்பார். எல்லாவற்றையும் விட எனக்கு நினைவிருப்பது, போன வருஷம் தான் எழுதிய மதிப்பையும் எடைமேடைச் சீட்டில் வந்த டன்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எம்.பி.ஏ. படித்த எங்கள் தொழிலில், தான் ஐந்து வருடத்துக்கு முன் சொன்ன கணிப்பை எடுத்துச் சரிபார்க்கிற ஒரு ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மாஸிவ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2010-ல் மைக்ரோசாஃப்ட் அதை மூடிவிட்டது. 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது. விளையாட்டு டிவியிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் கைக்கு இறங்கிவிட்டது. எங்கள் ரத்தினசபைக் கதை உங்களுக்குத் தெரியும். காளி ஒவ்வொரு அடிக்கும் பதில் அடி போட்டு ஈசனோடு சரிக்குச் சரி ஆடுகிறாள். காதிலிருந்து விழுந்த குழையைக் காலாலேயே எடுத்து, அந்தக் காலை மேலே தூக்கி மாட்டிக்கொள்கிறார் அவர். அந்த ஓர் அசைவு அவள் கணக்கில் இல்லை. எங்கள் கணக்கில் ஆப் ஸ்டோர் இல்லை.

இந்தியாவில் காலம் மாறியது 2016-ல். அந்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை தரைக்கு வந்தது. அதே ஆண்டு வந்த லூடோ கிங், மும்பைப் பக்கத்துக் கம்பெனியின் தாய விளையாட்டு, 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு ஆடப்பட்டது. அதன் வருமானத்தில் பெரும் பகுதி விளம்பரம்தான். ஆக, நான் சொன்ன வளர்ச்சி வந்தது. நான் சொன்ன நேரத்தில் இல்லை, நான் சொன்ன இடத்திலும் இல்லை. மூடிய பிரிவுக்கு அதனால் என்ன லாபம்?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்காவின் பேரன், ஒன்பது வயது, அக்காவின் போனில் விளையாடுகிறான். விளையாட்டில் உயிர் போனால், 30 செகண்டு விளம்பரம் பார்த்தால் இன்னொரு உயிர் தருவார்கள். இன்றைக்குப் பலகையைவிட இதுதான் பெரிய வியாபாரம். பையன் என்ன செய்தான் தெரியுமா? விளம்பரம் ஓட ஆரம்பித்ததும் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணி குடிக்கப் போய்விட்டான். போன் அக்கா பெயரில். கணக்கில் ஏறியது 58 வயதுப் பெண்மணி முழு விளம்பரத்தையும் பார்த்தார் என்று. பார்த்தது கட்டில்!

இதில் சிரிப்பு மட்டும் இல்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பாட்டி போனில் இருக்கும் பேரனை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இனிமேல் தலைவலி. மாணவர்களே, அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

இன்னொரு விஷயம். அந்தப் பையன் பார்த்த விளம்பரங்களை நான் உட்கார்ந்து எண்ணினேன். பத்தில் ஏழு, வேறொரு விளையாட்டின் விளம்பரம். ஒரு விளையாட்டுக் கம்பெனி இன்னொன்றுக்குக் காசு கொடுக்கிறது, அது மூன்றாவதுக்குக் கொடுக்கிறது. மாமியார் வீட்டுச் சீர் மருமகள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிற மாதிரி. ஒரே ரூபாய் சுற்றிச் சுற்றி வந்து மொத்தத்தில் மூன்று ரூபாயாகத் தெரியும். வளர்ச்சிக் கோடு காட்டுகிறவரிடம், "ஸார், இதில் சோப்புக் கம்பெனி கொடுத்தது எவ்வளவு?" என்று கேளுங்கள்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜி உட்பட 118 ஆப்களைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த டிரீம்11 பெயர் அந்த மாதமே விலகியது. ரம்மியில் பணம் இழந்து குடும்பங்கள் அழிந்ததைப் பேப்பரில் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் அந்த விளம்பரப் பணம் ஆண்டுக்கு ஆண்டு கூடும் என்று கோடு போட்டிருந்தவன் கதி என்ன? அவன் கீழும் 11 பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

செயலாளர் கேட்டார், அதனால் கணிப்புச் சொல்லாமல் இறங்க முடியாது. எழுதியே கொண்டு வந்திருக்கிறேன், மலரில் அச்சடியுங்கள். ஒன்று, 2030-லும் நம் நாட்டில் விளையாட்டு விளம்பரப் பணத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் போனில்தான் இருக்கும். இரண்டு, விளையாட்டுக்குள் வரும் பலகை அப்போதும் சின்ன வியாபாரமாகவே இருக்கும், எத்தனை பேர் எத்தனை கோடு போட்டாலும். மூன்று, இன்று சந்தையில் சொல்லப்படும் வளர்ச்சி விகிதத்தில் பாதிதான் கைக்கு வரும்.

2030 கூட்டத்தில் இதை எடுத்து உண்மைக் கணக்கோடு வைத்து நானே வாசிக்கிறேன். நான் வர முடியாமல் போனால் மூன்றாவது வரிசை நண்பர் வாசிக்கட்டும். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.